பொடி எழுத்து வரியில் தேடுங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். தமிழ்ப் பத்திரிகைத் துறையில் பெண்கள் என்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. எப்படித் தேடினாலும் 'ஜகன்மோகினி' மாத இதழை நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாளிடமே வந்து நிற்கிறேன். நாளிதழ்களில் பெண் பெயரே கண்ணில் படவில்லை. அடிக்கடி சென்னை போக வசதியும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கடலூர்

பதில்: நாளிதழ்ச் செய்தியின் தலையில் பெயரைத் தேடினால் அகப்படாது. ஆணோ பெண்ணோ, அங்கே 'நமது நிருபர்'தான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் வரியைப் படியுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் 1867 அச்சகச் சட்டத்திலிருந்தே அங்கே இருந்தாக வேண்டும். ஆசிரியர் பெயர் கட்டாயமானதோ 1922-ல்தான். ஆகவே அதற்கு முந்தைய இதழில் ஆசிரியை பெயர் இல்லாததை வைத்து 'பெண்கள் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். புதுச்சேரியில் 1881 பிரெஞ்சுச் சட்டம். அங்கே அச்சாக வேண்டியது 'ழெரான்' எனப்பட்ட பொறுப்பாளரின் பெயர்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காலம் இன்னும் சுலபம். 1956 செய்தித்தாள் பதிவு விதிகளின்படி, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் ஆசிரியர், வெளியீட்டாளர், உரிமையாளர் விவரங்களைப் படிவம் 4-ஆக வெளியிட வேண்டியிருந்தது. ஆண்டுக்கட்டு முழுவதையும் புரட்ட வேண்டாம், மார்ச் முதல் வாரம் போதும்.

ஆனால் அந்த வரியில் பெயர் இருப்பதாலேயே எழுதியவரும் அவர்தான் என்று ஆகிவிடாது. 1933-ல் 'குடி அரசு' தலையங்கத்துக்காகப் பெரியாரோடு கைதான அவர் தங்கை கண்ணம்மாள், இதழின் வெளியீட்டாளர், தலையங்கம் பெரியாருடையது. சிறைக்குப் போகும் பொறுப்பும் பத்திரிகை வேலைதான் என்பது என் கட்சி. உங்கள் வழிகாட்டி மறுக்கலாம், வாதாடுங்கள்.

மாதர் இதழ் என்றாலே பெண் நடத்தியது என்றும் நம்பாதீர்கள். 1905-ல் தொடங்கிய 'சக்ரவர்த்தினி'க்கு ஆசிரியர் பாரதி. புனைபெயர் இன்னொரு வம்பு: குமுதினி என்பவர் ரங்கநாயகி, சுஜாதா என்பவரோ ரங்கராஜன். தலைப்பெழுத்தும் காலை வாரும். 'வை.மு.' கணவர் வீட்டுத் தலைப்பெழுத்து. திருமணத்துக்கு முந்தைய பெயரில் தனிக் குறிப்பு அட்டை போடுங்கள். பழைய இதழில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கவனம்: பிரபவ 1867-லும் வரும், 1927-லும் வரும், 1927-ல் பிறந்த பிரபவத்தின் தை இதழ் 1928 ஜனவரியில் விழும்.

சென்னைக்கு முன் புதுச்சேரியை முடியுங்கள். 1827-ல் தொடங்கிய ரோமென் ரோலான் நூலகம், செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகம் இரண்டும் பஸ்ஸில் போய்வரும் தூரம். கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை எடுத்துப்போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பக்கங்கள் படமாக இருந்தால் சொல் தேடல் கைகொடுக்காது. எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978-க்கு முந்தைய 'லை', 'னை' எழுத்துருக்களில் மென்பொருளும் தடுமாறும். கண்ணால்தான் படிக்க வேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு, இதழ் பெயரும் ஆண்டும் கையில் வந்தபின் ஒரே நடையாகப் போங்கள்.

ஓய்வுபெற்ற துணையாசிரியைகள், பிழைதிருத்துநர்கள் கிடைத்தால் பேட்டி எடுங்கள். வெறுங்கையோடு போய் 'அனுபவம் சொல்லுங்கள்' என்று கேட்டால் பொதுப்பேச்சுதான் வரும். அவர் பணிசெய்த ஆண்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்துப் போய் முன்னால் வையுங்கள். எந்தப் பத்தி யார் கை என்று விரல் வைத்துக் காட்டுவார். நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ வைத்திருந்தால், அனுமதி கேட்டு அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.