பிளாக்கரன்ட் ஏன் காய்க்கவில்லை? கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறோம் ஐயா. தோட்டத்தில் எட்டு வருடப் பிளாக்கரன்ட் (சின்னக் கறுப்புப் பழம் காய்க்கும் செடி) புதர். இலை தளதளவென்று இருக்கிறது, பூக்கவும் செய்கிறது. பழத்தை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். உரம் போதவில்லையா?

பதில்: உரம் வேண்டாம். அந்தத் தளதளப்பில்தான் எனக்குச் சந்தேகம். 'ரிவர்ஷன்' என்ற வைரஸ் நோய் கண்ட செடி வாடாது. காய்ப்பை விட்டுவிட்டு இலையாகத் தள்ளும். ஜூன் மாதம் பத்து இலையாவது பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இலை விரல்போல் பிரிந்திருக்குமே, அதன் நடு மடலில் ஐந்து ஜோடிக்குக் குறைவாகப் பக்க நரம்புகள் இருந்தால் சரியில்லை. அடுத்த வசந்தத்தில் பூமொட்டு விரியும் முன்பும் பாருங்கள். நல்ல மொட்டில் சாம்பல் பூசினாற்போல் மெல்லிய சுணை இருக்கும். நோய் கண்ட மொட்டில் சுணை இருக்காது, பளிச்சென்று சிவந்திருக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் சில மொட்டுகள் பட்டாணி போல உருண்டிருந்தன. அதுதான் வைரஸா?

பதில்: இல்லை, அது வைரஸைச் சுமக்கும் சிலந்திப்பேன். நம் ஊர்த் தேங்காயைச் சொறி பிடிக்க வைக்கும் ஈரியோபைட் பேனின் குடும்பம்தான். மொட்டை நகத்தால் பிளந்து லென்ஸில் பாருங்கள், வெள்ளைப் புழு மாதிரி ஆயிரக்கணக்கில் நெளியும். பேன் இருந்தாலே வைரஸும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் நோயைப் பரப்புவது இதுதான் என்று 1927லேயே உங்கள் கென்ட்டில், ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் காட்டிவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் வைரஸ் எப்போது பிடிபட்டது?

பதில்: 1997இல். இடையில் எழுபது வருடம்! செடிக்குள் இந்த வைரஸ் மிகக் கொஞ்சமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இலையை அரைத்துச் சாற்றை வேறு செடியில் தேய்த்தால் லேசில் தொற்றாது. சந்தேகச் செடியை நல்ல செடியில் ஒட்டுக்கட்டி, அறிகுறி தெரியும்வரை வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் ஃபின்லாந்து, ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து பிரித்தெடுத்தது சுமார் 27 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைத் துகள். நெப்போவைரஸ் இனம். அந்தப் பெயரில் உள்ள 'நெ' நெமடோடு, அதாவது நூற்புழு. இந்த இனத்தை வழக்கமாகக் கடத்துவது மண்ணிலுள்ள நூற்புழு. இதற்கு மட்டும் பேன். அப்போதும் அவர்கள் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று எழுதவில்லை, 'நெருங்கிய தொடர்பு' என்றே எழுதினார்கள். நோயாளியிடம் ஒரு வைரஸ் இருப்பது வேறு, நோயைத் தந்தது அதுதான் என்பது வேறு இல்லையா? அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: ஆய்வகத்தில் உறுதி செய்யலாமா?

பதில்: செய்யலாம். கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய ஆர்.டி.-பி.சி.ஆர். முறைதான். பல கிளைகளிலிருந்து மாதிரி கொடுங்கள். ஒரே கிளையில் 'இல்லை' என்று வந்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: மருந்து?

பதில்: கிடையாது. வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். அதிலிருந்து போத்து ஒடித்து யாருக்கும் கொடுக்காதீர்கள். விவரம் தெரியாத காலத்தில் நானே ஒரு நண்பருக்கு அப்படி நோயைப் பரிசளித்திருக்கிறேன்.

கேள்வி: மறுபடி வைக்க எந்த ரகம் அண்ணா?

பதில்: 'பென் ஹோப்' பேனைத் தாங்கும், 'பென் கெய்ர்ன்' வைரஸைத் தாங்கும். எதுவானாலும் நோயற்றது என்று சான்று பெற்ற கன்றாக வாங்குங்கள்.