சிவிலா, கிரிமினலா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: பணம் வரவில்லை என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். போலிப் பத்திரத்தைக் காட்டி வாங்கியிருந்தால் கிரிமினல். திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கி, அப்புறம் தொழில் நொடித்துப்போயிருந்தால் அது கடன் பாக்கி, சிவில் வழக்குதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். போலீஸை வைத்து மிரட்டி வசூலித்துவிடலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். சிவில் வழக்குக்குக் காலக்கெடு உண்டு. புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு பொதுவாக ஓடாமல் நிற்காது. என்னிடம் ஒருவர் வந்தார். கையெழுத்து, சாட்சி எல்லாம் சரியாக இருந்த புரோநோட்டை, அதாவது கடன் பத்திரத்தை, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். காவல் நிலையத்துக்கு நடந்து நடந்தே கெடு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அடித்தவர் கிரிமினல் வழக்கில் விடுதலையாகிவிட்டார். இனி நஷ்டஈடு கேட்க முடியாதா?

பதில்: பல நாடுகளில் கேட்கலாம். கிரிமினலில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சிவிலில் தராசு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். அமெரிக்காவில் ஓ.ஜே. சிம்ப்சன் என்ற முன்னாள் விளையாட்டு வீரர் 1995இல் இரட்டைக் கொலை வழக்கிலிருந்து விடுதலையானார். இறந்தவர்களின் குடும்பத்தார் சிவில் வழக்குப் போட்டார்கள். 1997இல் அங்கே ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் தீர்ப்புக் குழு) அவர்தான் பொறுப்பு என்று முடிவுசெய்து, மொத்தம் 3 கோடியே 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. பிரான்ஸில் என்றால் கிரிமினல் வழக்கோடு சேர்த்தே நஷ்டஈடும் கேட்கலாம்.

கேள்வி: புகார் கொடுத்தது நான்தானே, நானே வாபஸ் வாங்க முடியாதா?

பதில்: சிவில் வழக்கு உங்களுடையது, நீங்கள்தான் வாதி, சமரசமாகப் போகலாம். கிரிமினல் வழக்கை நடத்துவது பெரும்பாலும் அரசு. அதில் நீங்கள் ஒரு சாட்சி, அவ்வளவுதான். சிறு குற்றங்களில் சமாதானமாகப் போகச் சில நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றில் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பேச்சே கிடையாது, இருக்கவும் கூடாது.

கேள்வி: சிவில் வழக்கில் தோற்றால் ஜெயிலா?

பதில்: இல்லை. சொத்து ஜப்திக்கு வரலாம். ஒப்பந்தப்படி கொடுக்க இயலவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையே சொல்கிறது. கையில் பணத்தை வைத்துக்கொண்டு நீதிமன்ற உத்தரவை மீறுகிறவர் கதை வேறு; அவர் உள்ளே போக நேரலாம்.