இத்தாலியில் போட்சுவோலி ஊரின் தரை ஏறிக்கொண்டே போகிறதாம், அடிக்கடி ஆடுகிறதாம். அங்கே படிக்கும் தம்பியை ஊருக்கு வரச் சொல்லிவிடலாமா?

கேட்டவர் தண்டையார்பேட்டை. தம்பி நேப்பிள்ஸில் படிக்கிறார். வாடகை குறைவு என்று பக்கத்திலுள்ள போட்சுவோலியில் ஒரு பழைய கல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அறை எடுத்திருக்கிறார். 'சூப்பர் எரிமலை வெடிக்கப் போகிறது' என்ற வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை.

ஊருக்கு வரச் சொல்ல வேண்டாம். அந்த அறையைக் காலி செய்யச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் அவருக்கு ஆபத்து எரிமலையைவிடச் சுவரிலிருந்துதான் அதிகம்.

அந்த எரிமலையின் பெயர் காம்பி ஃப்ளெக்ரெய். மலை எங்கே என்று தேடினால் கிடைக்காது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும், 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் நடந்த இரண்டு பெரிய வெடிப்புகளில் அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேற, மேல்தளம் உள்ளே இடிந்து விழுந்து உண்டான பெரும்பள்ளம் அது. இதைத்தான் கால்டெரா என்பார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற தூரம்தான் ஏறக்குறைய அதன் குறுக்களவு. பாதி கடலுக்கடியில், மீதி ஊருக்கடியில். போட்சுவோலி நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே தரை ஏறுவதும் இறங்குவதும் புதிதல்ல. ஊருக்குள் ரோமானியர் காலத்துச் சந்தைக் கட்டடம் ஒன்று இருக்கிறது, மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. தூணின் அடிப்பகுதி வழவழப்பாக இருக்கும். அதற்கு மேலே சுமார் 2.7 மீட்டர் உயரத்துக்கு, கல்லைத் துளைக்கும் கடல் சிப்பிகள் போட்ட ஓட்டைகள். அதாவது தூண்கள் நின்றவாறே கடலுக்குள் இறங்கி, சிப்பி குடியிருந்து, மறுபடி மேலே வந்திருக்கின்றன.

இப்போதைய ஏற்றம் 2005 வாக்கில் தொடங்கியது. 2025 நடுவில் மொத்தம் சுமார் 1.4 மீட்டர். காசிமேட்டில் கடல் அப்படியே இருக்க, படகு கட்டும் சுவரும் அதையொட்டிய கடலடித் தரையும் மட்டும் ஒரு ஆள் மார்பளவு மேலே வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விசைப்படகு உள்ளே வர ஆழம் போதாது, மீன் கூடையை மேலே தூக்கக் கை எட்டாது. போட்சுவோலியின் சின்னத் துறைமுகத்தில் அதுதான் நடக்கிறது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன.

ஏன் ஏறுகிறது? ஆழத்திலுள்ள பாறைக்குழம்பிலிருந்து கரியமில வாயுவும் நீராவியும் மேலே வருகின்றன. சில கிலோமீட்டர் ஆழத்தில் ஊடுருவ விடாத ஒரு பாறை அடுக்கு அவற்றைத் தடுக்கிறது. அழுத்தம் கூடக் கூட மேல்தட்டு வளைந்து விரிசல் விடுகிறது. அந்த ஒவ்வொரு விரிசலும் ஒரு நிலநடுக்கம். பாறைக்குழம்பே கொஞ்சம் மேலே வந்திருக்கிறதா, வாயுவும் சுடுநீரும் மட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

வீடியோக்கள் பேசாமல் விடுவது ஆழம். 2025 மார்ச் 13 அதிகாலை ஒன்றரை மணியளவில் வந்தது ரிக்டரில் 4.6தான். ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், ஊருக்கு நேர் கீழே. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையோர வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வாசலை உரசிக்கொண்டு போகும் கன்டெய்னர் லாரிக்கு அலமாரிப் பாத்திரம் கிலுகிலுக்கும், தூரத்தில் கொருக்குப்பேட்டைப் பக்கம் போகும் சரக்கு ரயிலுக்கு ஒன்றும் ஆகாது. ரயில்தான் கனம். 2004 சுமத்ரா நிலநடுக்கம் 9.1 ஆக இருந்தும் சென்னையில் கட்டடங்களை மெல்ல ஆட்டியதோடு நின்றது, தூரம் அப்படி. (அலை வந்தது வேறு கணக்கு.) போட்சுவோலியில் 4.4, 4.6 என்று வருபவை நொடிக்கணக்கில் முடிந்துவிடும். வரும்போது வெடிச்சத்தம் கேட்கும், ஒரே குத்தாகக் குத்தும். 2024 மே மாதம் வந்த 4.4க்குப் பிறகே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அந்தக் குத்தைத் தாங்காதது அந்த ஊர்ப் பழைய மஞ்சள் கல் கட்டடம். ஜார்ஜ் டவுன் பக்கத்து சுண்ணாம்புக் காரை வீடுகளின் அதே நோய்தான் அதற்கும்: கனமான சுவர், அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தளம், இரண்டையும் பிணைக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஆட்டினால் சுவர் வெளியே சாயும், முதலில் கைப்பிடிச் சுவரும் ஜன்னல் மேல் வளைவும் உதிரும். தம்பியிடம் வீடியோ கால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலில் ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்தால், அல்லது சாய்வு விரிசல்கள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டால், அங்கே ஒரு இரவுகூடத் தங்க வேண்டாம். இரண்டு சுவர் சேரும் மூலை பிரிந்திருந்தாலும், முன்பு சரியாக மூடிய கதவு இப்போது இறுக்கினாலும் பொறியாளர் பார்க்க வேண்டும். வெறும் பூச்சில் தலைமுடி போல் ஓடுவதைப் பற்றிக் கவலையில்லை. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே சொல் 'அஜிபிலே'. ஆய்வு முடிந்து, குடியிருக்கலாம் என்று சொல்லப்பட்ட கட்டடம் என்று பொருள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு அறை. புதிய அறை, தூண், உத்தரம் வைத்த கான்கிரீட் கட்டடமாக இருக்கட்டும், ஆனால் கீழ்த்தளம் முழுக்க வெறும் தூண்களோடு கார் நிறுத்துமிடமாக இருப்பது வேண்டாம். நிலவறையும் வேண்டாம்: கரியமில வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும், மணமும் இருக்காது.

வெடிப்பு பற்றி அம்மாவுக்கு: 1982 முதல் 1984 வரை இதே ஊர் 1.8 மீட்டர் ஏறியது. சுமார் 40,000 பேரை இடம் மாற்றினார்கள். பிறகு ஏற்றம் நின்று தரை முக்கால் மீட்டருக்கும் மேல் இறங்கியது, வெடிக்கவில்லை. கால்டெராக்களின் குமுறல் பெரும்பாலும் இப்படித்தான் அடங்கும். ஆனால் பப்புவா நியூ கினியாவின் ரபாவுல் 1983 முதல் 1985 வரை குமுறி அடங்கி, 1994 செப்டம்பரில் 27 மணி நேரம் மட்டுமே பலமாக ஆடிவிட்டு இரண்டு வாய்களில் வெடித்தது. மக்கள் இரவோடு இரவாகத் தாங்களே கிளம்பியதால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. காம்பி ஃப்ளெக்ரெய் கடைசியாக வெடித்தது 1538இல். முதல் நாள் கரையிலிருந்து கடல் சுமார் 200 அடிவைப்பு தூரம் விலகி, மக்கள் தரையில் துடித்த மீனைப் பொறுக்கினார்கள். நமக்கு உடனே சுனாமி ஞாபகம் வரும். அங்கே தண்ணீர் போகவில்லை, தரைதான் எழுந்தது. ஒரு வாரத்தில் 130 மீட்டர் குன்று முளைத்தது.

எனவே அங்குள்ள எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் வார அறிக்கையில் பார்க்க வேண்டியவை: தரை ஏறும் வேகம் (2025 தொடக்கத்தில் மாதத்துக்கு 3 செ.மீ. வரை போய்ப் பிறகு பாதியானது), அதிர்வுகள் ஆழம் குறைந்து ஒரே இடத்தில் குவிகின்றனவா, வாயுவில் கந்தக டை ஆக்சைடு வருகிறதா. அழுகிய முட்டை நாற்றம் அங்கே என்றைக்கும் உண்டு. தீக்குச்சி உரசிய நெடியுள்ள கந்தக டை ஆக்சைடு கருவிகளில் தெரிந்தால், நடுவிலிருந்த சுடுநீரை வற்றவைத்துக்கொண்டு பாறைக்குழம்பு நெருங்குகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். எச்சரிக்கை 2012 டிசம்பரிலிருந்து மஞ்சளில் நிற்கிறது. அதற்கு மேல் ஆரஞ்சு, சிவப்பு. சிவப்பு அறிவித்தால் 72 மணி நேரத்தில் சுமார் ஐந்து லட்சம் பேரை வெளியேற்றுவது திட்டம். தம்பி ஆரஞ்சிலேயே கிளம்பிவிடலாம், அவருக்கு அங்கே வீடு வாசல் இல்லை.

அந்தச் சாம்பல் இங்கே வருமா என்று அம்மா கேட்டாராம். நம் பக்கம் எரிமலைச் சாம்பல் விழுந்ததற்கு நல்ல சாட்சி ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் இருக்கிறது, அது சுமத்ராவின் டோபா கால்டெரா 74,000 ஆண்டுகளுக்கு முன் அனுப்பியது. இத்தாலியிலிருந்து தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்கு எதுவும் வராது, வடாம் காயப் போடலாம்.

அறை மாறும் வரை: கட்டிலை அலமாரிக்கும் ஜன்னலுக்கும் எட்ட இழுத்துப் போடச் சொல்லுங்கள். மூடிய செருப்பும் டார்ச்சும் கட்டிலுக்கடியில். இரவில் கேஸ் வால்வு மூடியிருக்கட்டும். ஆடும்போது படிக்கட்டுக்கு ஓட வேண்டாம், பழைய கட்டடத்தில் முதலில் பெயர்வது அதுவாக இருக்கலாம். நின்றபிறகு இறங்கி, தெருவில் சுவரோரமாக நடக்காமல் நடுவில் நடக்கட்டும்.