செட்டிநாட்டு வீடுகளை ஏன் இடித்து விற்கிறார்கள்? காப்பாற்ற வழியே இல்லையா?

பணத்தாசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் முதல் சிக்கல் பங்குதான். ஒரே வீட்டில் தாத்தாவின் பேரன், பேத்திகள் என்று முப்பது, நாற்பது பேருக்குப் பாத்தியதை இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்குக்கூட அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓடு விலகினால் தண்ணீர் இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும். அப்புறம் "விற்றுவிடலாம்" என்ற பேச்சு வரும்.

இந்த வீடுகளைக் கட்டியது பர்மா, இலங்கை, மலாயா வட்டித்தொழில் பணம். 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரவு நின்றது. வீட்டை இடித்துப் பிரித்தால் மிஞ்சுவது பர்மா தேக்கு. தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். முழு வீட்டைவிட உதிரிக்கு வாங்க ஆள் அதிகம்!

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாடு இருக்கிறது. சரி, அதனால் இடிப்பது நிற்குமா? நிற்காது. அது வெறும் பரிந்துரைப் பட்டியல்.

சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. அதுவும் ஒரு வழிதான். உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வீடு இருந்தால், முதலில் பங்காளிகள் சேர்ந்து ஓட்டுக்கூரைக்கு மட்டும் பொதுப்பணம் ஒதுக்குங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்; ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.