வானத்தில் கட்டிலா, வைகாசியில் மகனா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்போது இருப்பது கிளிநொச்சியில். பிறந்த ஊர் முள்ளியவளை. எனக்கு 66 வயது, கணவருக்கு 71. போன வருடம் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. லண்டனில் இருக்கும் மகனுக்கு ஐப்பசியில் முதல் பிள்ளை பிறக்க இருக்கிறது. எங்களைக் கூப்பிடுகிறான். அவனிடம் 2,40,000 ஏவியோஸ் மைல் புள்ளிகள் (விமான டிக்கெட்டுக்குக் காசு போலக் கொடுக்கக்கூடியவை) சேர்ந்திருக்கின்றன. கொழும்பு–லண்டன் நேரடி விமானத்துக்கு ஒருவழிக்கு ஆளுக்கு எக்கொனமியில் 30,000 புள்ளி, பிஸ்னஸ் வகுப்பில் 90,000 புள்ளி என்று காட்டுகிறதாம். இருவரும் எக்கொனமியிலேயே போய்வந்தால் வரியும் கட்டணமுமாக 340 பவுண். போகும்போது மட்டும் பிஸ்னஸ் என்றால் 520, திரும்பும்போது மட்டும் பிஸ்னஸ் என்றால் 720. காசு கொடுத்து வாங்கினால் எக்கொனமி போய்வர ஆளுக்கு 650 பவுண், பிஸ்னஸ் ஒருவழிக்கே 1,400 பவுண். "இங்கே வரும்போது பிஸ்னஸில் வாருங்கள், புள்ளிக்குப் பெறுமதி அதில்தான்" என்பது மகனின் கணக்கு. மீதிப் புள்ளியில் அவன் மனைவி பிள்ளையோடு வரும் வைகாசியில் எங்கள் பக்கத்து வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வரலாமே என்பது என் கணக்கு. எது சரி?

பதில்: ரீச்சர், உங்கள் கடிதத்தைப் போல விபரத்தோடு கடிதம் வருவது அரிது. பெரும்பாலும் "என்னிடம் மைல் இருக்கிறது, என்ன செய்யலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் பவுண் கணக்கு வரை எழுதிவிட்டதால் என் வேலை பாதியாகிவிட்டது.

முதலில் மகனின் கணக்கு. அவர் படித்துப் பார்த்துத்தான் சொல்கிறார், பிழை என்று தள்ள முடியாது. எக்கொனமியில் இருவர் போய்வர 1,300 பவுண் விலை. அதில் 340 எப்படியும் கையால் கட்டுகிறீர்கள். 1,20,000 புள்ளி மிச்சம் பிடித்துத் தருவது 960 பவுண். அதாவது ஒரு புள்ளிக்கு 0.8 பென்ஸ். பிஸ்னஸில் ஒருவழிக்கு இருவருக்கும் 2,800 பவுண் விலை. கட்டணத்தைக் கழித்து 1,80,000 புள்ளியால் பிரித்தால் ஒரு புள்ளி ஒன்றேகால் பென்ஸைத் தாண்டிவிடும். மைல் சேர்ப்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த 2,800 பவுணை நீங்கள் எந்தக் காலத்திலும் கட்டியிருக்க மாட்டீர்கள். ஐயாயிரம் ரூபாவுக்குச் சேலை எடுக்கப் போனவர், கழிவு விலையில் கிடைத்தது என்று பதினையாயிரத்துக்கு ஒன்றை எடுத்து வந்து "இதன் உண்மை விலை முப்பதாயிரம், பாதிக்குப் பாதி மிச்சம்" என்று வீட்டில் சொல்வதைப் போன்றது இது. மிச்சம் பிடித்தது பதினையாயிரமா, கூடுதலாகச் செலவழித்தது பத்தாயிரமா என்பது கேட்கும் கணவருக்குத் தெரியும்.

எனவே பிஸ்னஸின் விலையை வேறுவிதமாகப் பார்ப்போம். எக்கொனமியில் போவதை விட எவ்வளவு கூடப் போகிறது? 1,20,000 புள்ளியும் 180 பவுண் காசும். அந்த 1,20,000 புள்ளி என்பது மேலே பார்த்த அதே 960 பவுண், இரண்டு பெரியவர்கள் இன்னொரு முறை போய்வரும் பயணம். பிஸ்னஸில் ஆசனம் கட்டிலாக விரியும். ஆக இருவருக்கும் ஒருவழிக் கட்டில் 1,140 பவுண், ஆளுக்கு 570. கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 11 மணிநேரம் என்றால் மணிக்கு 52 பவுணுக்குக் கிட்ட வாடகை கொடுக்கிறீர்கள். அந்த வாடகையில் பணமாகக் கையை விட்டுப் போவது 180 பவுண்தான், மிச்சம் மகன் வட்டாப்பளைக்கு வரும் டிக்கெட்டாகப் போகிறது.

இனி, எந்தப் பக்கம் என்ற விடயம். நீங்கள் சொல்லும் நேரடி விமானம் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். அது 2014 மே மாதம் வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது; பிரிட்டிஷ் எயார்வேஸும் அதில் இருப்பதால்தான் அதன் கணக்கில் சேர்த்த ஏவியோஸை இதற்குக் கொடுக்க முடிகிறது. வழக்கமான நேரஅட்டவணையில் இந்த விமானம் கொழும்புக்குரிய கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நண்பகலையொட்டிக் கிளம்பி, லண்டனில் அன்று முன்னிரவில் இறங்கும். திரும்பும் விமானம் இரவில் புறப்பட்டு மறுநாள் மதியத்தையொட்டி வந்து சேரும். போகும்போது பகல், வரும்போது இரவு.

மகன் கட்டில் போடச் சொல்வது பகல் பயணத்துக்கு. மதியம் சாப்பாடு வரும், பிறகு தேநீர் வரும், ஜன்னலில் வெயில் அடிக்கும். ஒருமுறை எனக்கும் தற்செயலாக அந்த வகுப்பில் இடம் கிடைத்தது. ஆசனத்தைக் கட்டிலாக்கும் பொத்தான் எது என்று கண்டுபிடிக்கவே அரை மணிநேரம் போனது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் தான் காட்டித் தந்தாள். பிறகு மொத்தமாக இரண்டு மணிநேரம் தூங்கியிருப்பேன். மிச்ச நேரம் சும்மா காலை நீட்டிக்கொண்டு, இதைவிட்டு எழும்பினால் வீண் என்று படுத்துக் கிடந்தேன்.

அப்படியானால் இரவுப் பயணத்துக்குப் போடலாமே என்றால், அங்கே பிரித்தானிய அரசு நிற்கிறது. பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிகளிடம் அவர்கள் விமானப் பயணி வரி அறவிடுகிறார்கள். எக்கொனமிக்கு ஒரு விகிதம். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டிக்கெட்டைப் புள்ளியில் எடுத்தாலும் இந்த வரியிலிருந்து தப்ப முடியாது. உங்கள் 520க்கும் 720க்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் இதுதான். தூங்கக்கூடிய பக்கம் விலை கூட, விலை குறைந்த பக்கம் தூக்கம் இல்லை. இரண்டையும் விடச் சொல்கிறேன். இருவருமே எக்கொனமியில் போய் எக்கொனமியில் வாருங்கள்.

ஒரே ஒரு விலக்கு: சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், முழங்காலை அவ்வளவு நேரம் மடித்து வைக்கக்கூடாது என்று சொன்னால் இந்தப் பதிலை முழுதாக மறந்துவிடுங்கள். நாலு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலின் இரத்த நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. வயதும் அண்மைய சத்திரசிகிச்சையும் அதைக் கூட்டுபவை. ஆகவே "போகலாமா" என்று மட்டும் வைத்தியரிடம் கேட்காதீர்கள். "11 மணிநேரம் உட்காரலாமா, இடையில் எத்தனை தடவை நடக்க வேண்டும், காலுறை போட வேண்டுமா" என்று கேளுங்கள். நீட்டித்தான் ஆகவேண்டும் என்றால் போகும்போது இருவரும் பிஸ்னஸ். அவரை மட்டும் முன்னால் ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் இருக்கும் யோசனை வேண்டாம். மருந்துப் பை உங்கள் கையில்தானே இருக்கும்?

பலர் பிஸ்னஸ் கேட்பதற்கு உள்ளே இருக்கும் காரணம் வேறு: விமான நிலையத்தில் நடக்க முடியாது, இங்கிலீஷில் கேட்டுப் போகத் தயக்கம். அதற்குப் பிஸ்னஸ் தேவையில்லை. சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்புக்கும் இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே மகன் அதைப் பதிய வேண்டும். கட்டுநாயக்க வாசலில் ஏற்றினால், அங்கே ஹீத்ரோவில் குடிவரவு வரிசையையும் கடந்து மகன் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஐயாவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை, அடிபட்ட கால் வெளிப்பக்கம் வரும்படி. இதற்குச் சிறு தொகை கேட்டால் யோசிக்காமல் கட்டுங்கள்.

இன்னும் ஒன்றைக் கவனித்தேன். விமானத்தின் 11 மணிநேரத்தை இவ்வளவு யோசித்த நீங்கள், கட்டுநாயக்க வரை எப்படிப் போவது என்று ஒரு வரியும் எழுதவில்லை. வன்னிக்காரருக்குப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை, ஏ9 வீதியில் தொடங்குகிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறினால், வவுனியா தாண்டுவதற்குள் அந்த முழங்கால் வீங்கிவிடும். அப்படிப் போய் இறங்கியவருக்கு விமானத்தில் கட்டில் என்ன, பஞ்சு மெத்தை போட்டாலும் ஆறாது. முதல் நாள் காலை வான் பிடித்து, வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக ஆறுதலாக நிறுத்தி நிறுத்திப் போய், நீர்கொழும்பில் இரவு தங்குங்கள். மறுநாள் காலை விமான நிலையம் பக்கத்திலேயே. வானுக்கும் அறைக்கும் கொடுக்கும் காசுதான் இந்தப் பயணத்தில் மிகப் பிரயோசனமான செலவு. இதை மகன் அனுப்பட்டும். பிஸ்னஸுக்குக் கூடுதலாகக் கட்ட நினைத்த 180 பவுண் இருக்கிறதே.

மீதி 1,20,000 புள்ளிக்கு வருகிறேன். இங்கே உங்களோடும் எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. வைகாசி வரை அதை அப்படியே "வைத்திருக்கலாம்" என்று நினைக்கிறீர்கள் போலத் தோன்றுகிறது. நெல் என்றால் மூட்டை கட்டி அடுக்கிவைத்து விலை ஏறும்வரை பார்த்திருக்கலாம். புள்ளியில் அது நடக்காது. ஆலைக்காரரே நெல்லுக்கு விலையும் சொல்கிறார், தராசும் அவருடையதே. இன்று 30,000 என்று காட்டும் இருக்கை நாளை கூடுமே தவிரக் குறைந்ததை நான் அதிகம் காணவில்லை. வட்டியும் கிடையாது. ஏவியோஸ் கணக்கில் 36 மாதம் சேர்ப்பதோ செலவழிப்பதோ நடக்காவிட்டால் இருப்பதும் போய்விடும். ஆகவே சேமிக்க வேண்டாம், பதிவுசெய்யுங்கள். புள்ளி டிக்கெட்டை விமானம் புறப்பட 24 மணிநேரத்துக்கு முன்வரை சிறு கட்டணத்தோடு இரத்துச் செய்யலாம், புள்ளி திரும்பக் கணக்குக்கு வந்துவிடும். நாள் மாறுமோ என்ற பயத்தில் காத்திருக்க அவசியமில்லை.

உங்கள் சொந்தப் பயணத்துக்கும் இதே வசதி கைகொடுக்கும். விசா கைக்கு வருமுன் மலிவு டிக்கெட்டைக் காசுக்கு வாங்கிவிட்டு, விசா மறுக்கப்பட்டதும் முழுப் பணத்தையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். புள்ளி டிக்கெட்டில் அந்த இழப்பு மிகச் சிறியது. வருகையாளர் விசாவில் ஒருமுறை அதிகபட்சம் 6 மாதம் நிற்கலாம். மாசியில் அரிவி வெட்டுக்கு ஊரில் நிற்க வேண்டும் என்றால் தைப்பொங்கல் முடிந்ததும் திரும்பும் திகதியைப் போடச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "மைல் டிக்கெட், பாதி விலைக்கு எடுத்துத் தருகிறேன்" என்று எங்கள் பக்கத்திலும் ஆட்கள் திரிகிறார்கள். மகன் பெற்றோருக்கு எடுத்துக் கொடுப்பது முறை. முன்பின் தெரியாதவர் புள்ளியை விற்பது விதிக்கு மாறானது. என் உறவினர் ஒருவர் அப்படி வாங்கி, பெட்டியோடு கருமபீடம் வரை போய்த் திரும்பி வந்தார். டிக்கெட் இரத்தாகியிருந்தது. விற்றவரின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை.

பேரப்பிள்ளையின் டிக்கெட்டை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் வரலாம், ஆனால் பெரியவருக்குரிய புள்ளியில் பத்தில் ஒரு பங்கு கேட்பார்கள். போய்வர 6,000. மகனும் மருமகளும் 1,20,000த்தை முடித்துவிடுவார்கள் என்பதால் இந்த 6,000 துண்டு விழுகிறது. அங்கே சாமான் வாங்கும்போது சேரும் நெக்டார் புள்ளிகளை ஏவியோஸாக மாற்றலாம். இப்போதிருந்தே சேர்த்தால் வைகாசிக்குள் நிரம்பிவிடும். எக்கொனமியில் வரும் பிள்ளைக்கு அந்தப் பயணி வரியும் இல்லை.

இருக்கைகள் ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்புதான் திறக்கும். வைகாசிப் பயணத்துக்கு ஆனியிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். வரும் நாள் திறக்கும்போது திரும்பும் நாள் இன்னும் திறந்திருக்காது. மூன்று கிழமை நிற்பதென்றால் மூன்று கிழமை கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மகனுக்கு இது தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாதது வட்டாப்பளைப் பொங்கல் எந்தத் திங்கட்கிழமை என்பதுதான். கோயிலில் கேட்டு அந்தத் திகதியை நீங்கள் அனுப்பிவிடுங்கள்.