சேலத்தில் கடை வாசலில் உண்டியல் நீட்டுபவர்களை நம்பலாமா?

ஐந்து ரோடு பக்கம் துணிக்கடையை விட்டு வெளியே வந்ததும் ஆதரவற்றோர் இல்லத்துக்கு என்று உண்டியலை நீட்டுகிறார்கள், உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

கழுத்தில் தொங்கும் அட்டையையும் லேமினேட் செய்த போட்டோக்களையும் விடுங்கள். அவற்றை எந்த ஜெராக்ஸ் கடையிலும் போட்டுவிடலாம். நான் முதலில் கேட்பது, "இல்லம் எங்கே இருக்கிறது?" என்றுதான். போன மாதம் ஒருவர் "ஏற்காடு அடிவாரம்" என்றார். அடிவாரத்தில் எங்கே என்றதும் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

க்யூஆர் அட்டை வைத்திருந்தால் இன்னும் சுலபம். ஸ்கேன் செய்ததும், பணம் போகும் முன்பே, கணக்கின் பெயர் திரையில் வரும். அறக்கட்டளை பெயருக்குப் பதில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு தொண்டு நிறுவனங்களுக்காக நடத்தும் தர்ப்பண் இணையதளத்தில் அமைப்பின் பெயரைத் தேடலாம். அதில் இருந்தால் பதிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நல்லவர்கள் என்ற சான்றிதழ் அல்ல. குழந்தைகள் இல்லம் என்றால் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு கட்டாயம்; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற உதவும் 80ஜி ரசீது தருகிறோம் என்பார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது.

மனசு கேட்கவில்லையா? சரி, முகவரி வாங்கிக்கொண்டு அரிசி மூட்டையோடு நேரில் போங்கள். உண்மையில் இல்லம் நடத்துபவர்கள் பஸ் நம்பர் வரை சொல்லி அனுப்புவார்கள்.