காற்றில் பரவும் கிருமியை ஒளியை வைத்து எப்படிக் கண்டறிகிறார்கள்?

சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிற ஒளியை உமிழும். இதுவே ஒளிர்தல். வங்கியில் ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டைப் பிடித்ததும் அதன் எண்களை அச்சிட்ட மை மின்னுமே, அதே தத்துவம்தான்.

உயிரணுக்களிலோ இந்த 'மை' இயற்கையாகவே இருக்கிறது. புரதத்திலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் சுமார் 280 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை ஏற்று, சுமார் 340 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழ்கிறது. மணல் துகளிலும் உப்பிலும் அது கிடையாது. எனவே கருவி காற்றை உறிஞ்சி, துகள்களை ஒவ்வொன்றாக லேசர் கற்றையின் குறுக்கே அனுப்புகிறது. சிதறும் ஒளி துகளின் அளவைச் சொல்லும். ஒளிர்வு, அது உயிர்ப்பொருளாக இருக்கலாம் என்று காட்டும். எல்லாம் நொடிப்பொழுதில் நடந்துவிடும். இந்த வேகம்தான் முக்கியம். 2001இல் அமெரிக்காவில் 5 பேரைப் பலிகொண்ட ஆந்த்ராக்ஸ் (கொடிய நோய்க்கிருமித் தூளைக் கடிதத்தில் வைத்து அனுப்பிய) தாக்குதல், நோயாளி மருத்துவமனைக்கு வந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது.

கருவி ஒலித்தாலே கொடிய கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: மகரந்தமும் டீசல் புகையும்கூட ஒளிரும், எந்தக் கிருமி என்பதை ஆய்வகத்தின் மரபணுச் சோதனைதான் உறுதிசெய்யும்.